ஊரில்லாத் துறைமுகம்: காங்கேசன்துறையும் ஒரு கணினி விளையாட்டின் குடியேற்றக் கணக்கும்

2015 நவம்பரில் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'ஃபோல்அவுட் 4' என்ற கணினி விளையாட்டின் கதை 2287ஆம் ஆண்டில் நடக்கிறது. அணுவாயுதப் போர் முடிந்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்ட பொஸ்டன் நகரமும் அதன் சுற்றுப்புறமுமே களம். சுடுவதற்கும் வெட்டுவதற்கும் அதில் நிறையவே உண்டு. என்றாலும் ஆடுபவர்களில் பெருந்தொகையானோர் சண்டையை மறந்து மாதக்கணக்கில் ஊர் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடிந்த வீடுகளையும் துருப்பிடித்த கார்களையும் பிரித்தால் பலகையும் இரும்பும் கிடைக்கும். பழைய மேசை விசிறியைக் கழற்றினால் திருகாணி கிடைக்கும். அதற்கு அங்கே தங்கத்தின் மதிப்பு. சேர்த்ததைக் கொண்டு கொட்டில் போடலாம், கைப்பம்பி பூட்டலாம், தோட்டம் வைக்கலாம், காவற்கோபுரம் எழுப்பலாம். வானொலிக் கம்பம் ஒன்றை நட்டு மின்சாரம் கொடுத்துவிட்டால் அலைந்து திரியும் சனம் தானாக வந்து சேரும்.

ஒவ்வொரு குடியிருப்புக்கும் திரையில் ஒரு கணக்கு ஓடுகிறது: ஆட்கள், உணவு, நீர், மின்சாரம், கட்டில், பாதுகாப்பு, மகிழ்ச்சி. ஆளொருவருக்கு உணவு ஒன்று, நீர் ஒன்று, கட்டில் ஒன்று. ஒரு கைப்பம்பி மூன்று பேருக்குத் தண்ணீர் தரும். தோட்டத்தில் நிறுத்திய ஒருவர் ஆறு பேருக்கு விளைவிப்பார். உணவும் நீரும் பெருகப் பெருகக் கொள்ளையரின் கண் அந்த ஊர்மேல் விழும். ஆகவே பாதுகாப்பு எண் அவ்விரண்டின் கூட்டுத்தொகையை விஞ்சி நிற்கவேண்டும் என்பது ஆடுவோர் கைக்கொள்ளும் விதி. ஓரூருக்கும் இன்னோரூருக்கும் இடையே வழங்கற்பாதை போடவும் வழியுண்டு. அதற்கென்று நியமிக்கப்பட்டவர் இரட்டைத் தலை மாடொன்றில் பொதியேற்றிக்கொண்டு நடப்பார். அவர் வழியில் எங்கே நின்றாலும் சரி, பாதை போட்ட மறுகணமே இரண்டு ஊர்களின் இருப்பும் ஒன்றாகிவிடும்.

இந்தக் கணக்கை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள காங்கேசன்துறையோடு பொருத்திப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். அழிவுக்குப் பின் பழைய பொருள்களைப் பொறுக்கி வாழ்ந்ததும், கடல்வழி ஒன்றையே நம்பி இலட்சக்கணக்கானோர் சாப்பிட்டதும், பற்றைக்காட்டை வெட்டி மறுபடியும் குடியேறியதும் அங்கே கற்பனையாக நடந்தவையல்ல. அவற்றுக்குத் திகதிகள் உண்டு, ஏக்கர்க் கணக்கு உண்டு, வழக்கு எண்கள்கூட உண்டு. பொருத்திப் பார்க்கையில் விளையாட்டின் எல்லா நிரல்களும் ஓரளவுக்கு ஒத்துப்போகின்றன. பாதுகாப்பு என்ற நிரல் மட்டும் அடியோடு புரண்டுவிடுகிறது.

முதலில் ஊர். கொழும்பிலிருந்து வரும் வடபகுதி ரயில் பாதை 1905இல் முழுமையடைந்தபோது அதன் கடைசி நிலையம் காங்கேசன்துறை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி வந்து நின்றதும் அங்கேதான். 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. அதற்கு வேண்டிய சுண்ணக்கல் காலுக்கடியிலேயே கிடந்தது; களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து வந்தது. கிழக்கே சிறிது தூரத்தில் மயிலிட்டி, நாட்டின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்று. அதற்கப்பால் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் அமைத்த பலாலி விமானத்தளம். தென்புறத்தே செம்பாட்டு மண். வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை. துறைமுகம், ரயில், ஆலை, ஓடுபாதை, மீன், தோட்டம் என்று ஆறேழு கிலோமீற்றருக்குள் இவ்வளவும் கூடிய இடம் இலங்கையில் அதிகமில்லை. ஃபோல்அவுட் ஆடுபவர் ஒருவர் தன் தலைமைக் குடியிருப்பைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் இப்படியோர் இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். இராணுவமும் அப்படித்தான் கணக்குப் போட்டது.

1990 ஜூன் நடுப்பகுதியில், இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய சில நாட்களுக்குள், காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கின் சனம் ஷெல்லடிக்குத் தப்பி வெளியேறியது. இரண்டொரு கிழமையில் திரும்பலாம் என்ற நினைப்பில் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போனவர்கள் பலர். ரயில் நின்றது, ஆலையின் சூளை அணைந்தது. பலாலி ஓடுபாதையையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் உள்ளடக்கிய பரப்பு இராணுவத்தின் கையில் இருந்தது. குடாநாட்டின் மற்றப் பகுதிகள் விடுதலைப் புலிகளிடம். ஆனையிறவும் பூநகரியும் மூடப்பட்டதால் வெளியே போக விரும்பியவர்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள்.

அடுத்து வந்தது பொருளாதாரத் தடை. வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாத பொருள்களின் பட்டியல் நீளமானது: எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து, இன்னும் பல. நாட்டின் முதல் சீமெந்தாலையைத் தன் மண்ணில் வைத்திருந்த குடாநாட்டுக்குச் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஒரு பை சீமெந்து ஒரு பங்கருக்குப் போய்ச் சேரக்கூடும் என்பது அரசின் நியாயம். வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்தவருக்கு அந்த நியாயத்தால் ஆனது ஒன்றுமில்லை.

1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளைத்தான் விளையாட்டின் பொறுக்கிச் சேர்க்கும் பொருளாதாரத்தோடு ஒப்பிட முடியும். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை வைத்தியச் செலவுபோல இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டுச் சில துளி எண்ணெயில் இரவு முழுவதும் எரியும் விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தார்கள். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலியை இயக்கினார்கள். மோட்டார் சைக்கிளையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் சில துளி பெற்றோல் விட்டு உசுப்பி மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். ஐம்பது, அறுபதுகளில் வந்த பழைய பிரித்தானியக் கார்கள் புதுக் கார்களைக் காட்டிலும் பயன்பட்டன, ஏனெனில் அவற்றின் எளிய இயந்திரம் எதைக் குடித்தாலும் ஓடியது. சவர்க்காரத்துக்குப் பதில் பனங்களியில் துணி தோய்த்தார்கள். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பனங்குற்றியும் பதுங்குகுழிகளின் கூரையாயின.

விளையாட்டை உருவாக்கியவர்கள் இதைப் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஒருவர் ஒரு முறை செய்முறையைக் கற்றுக்கொண்டால் பொருள் இருக்கும்வரை செய்துகொண்டே போகலாம். யாழ்ப்பாணத்தில் செய்முறை ஊர் முழுவதற்கும் சொந்தமாக இருந்தது. எந்தக் கராஜில் மண்ணெண்ணெய்க்கேற்றபடி இயந்திரத்தைத் திருத்துவார்கள், எவரிடம் பழைய டைனமோ இருக்கிறது, எந்தச் சந்தியில் இன்றைக்கு எண்ணெய் விற்கிறார்கள் என்ற செய்தி வாய்வழியே பரவியது. பொருளைவிட அந்தச் செய்தியே பெரிய இருப்பு. கணக்குத் திரையில் அதற்கு நிரல் கிடையாது.

1995 அக்டோபர் 30இல், இராணுவம் முன்னேறிவர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தது. 1996 ஏப்ரலில் பெரும்பகுதியினர் திரும்பினார்கள். இப்போது குடாநாடு அரசின் கட்டுப்பாட்டில். தெற்கே வன்னி புலிகளிடம். ஏ9 வீதி மூடியே கிடந்தது. 2002இல் போர்நிறுத்தத்தோடு அது திறந்தது, 2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கியதும் மறுபடி மூடியது, 2009இல் போர் முடிந்த பின்னரே திறந்தது. அதாவது 1996 முதல் 2002 வரையிலும், பிறகு 2006 முதல் 2009 வரையிலும், குடாநாட்டின் உணவு கடலால் வந்தது. கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் வந்தன.

எவ்வளவு வரவேண்டியிருந்தது? 2012 குடிசனக் கணக்கெடுப்பில் யாழ் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 5.8 இலட்சம். அதையே அளவாகக் கொண்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்று வைத்தால் ஒரு நாளுக்கு 230 தொன்னுக்குச் சற்று மேல், ஒரு மாதத்துக்கு 7,000 தொன். குடாநாட்டில் நெல் விளைந்தாலும் அது ஆண்டு முழுவதற்கும் போதாது. அரிசியோடு மா, சீனி, பருப்பு, பால்மா, எரிபொருள், மருந்து. இது என் உத்தேசக் கணக்குத்தான். ஆனால் ஆயிரம், இரண்டாயிரம் தொன் கொள்ளும் சிறு கப்பல்கள் மாதத்தில் எத்தனை தடவை வந்தால் அடுப்பெரியும் என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். அக்டோபரிலிருந்து ஜனவரிவரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அப்போது அலைதடுப்புச் சுவருக்குள் நுழைவதே பாடு. வழியில் கடற்புலிகளின் தாக்குதல் ஆபத்து வேறு. 2006 மே 11இல் எழுநூறுக்கும் மேற்பட்ட படையினரை ஏற்றிவந்த பேர்ள் குரூஸ் கப்பலைச் சூழ்ந்த கடற்சண்டைக்குப் பிறகு ஒவ்வொரு பயணமும் ஒரு படை நடவடிக்கையாயிற்று. படையினருக்கு வேண்டியவையும் சனத்துக்கு வேண்டியவையும் ஒரே கடலில், ஒரே துறையில், ஒரே கடற்படையின் காவலில் வந்தன. எது முதலில் இறங்கும் என்பதைக் கேட்கவேண்டியதில்லை.

இறங்கியது லொறியேறிச் சங்கக்கடைகளுக்குப் போயிற்று. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் யாழ்ப்பாணத்தில் நெடுநாள் வேரூன்றியவை. ஊருக்கு ஊர் கிளைக்கடை, கிளைக்கடைக்கு ஒரு முகாமையாளர், அவருக்குத் தன் பகுதியில் எந்த வீட்டில் எத்தனை வாய் என்பது தெரியும். 2006இன் பிற்பகுதியில் குடும்ப அட்டையோடு விடியுமுன் வரிசையில் நின்றவர்களுக்கு அளந்து கொடுக்க முடிந்தது அந்த ஏற்பாடு முன்பே இருந்ததால்தான். தனியார் கடையில் அதே சீனி கொழும்பு விலையின் பல மடங்கு. பத்திரிகைத்தாள் வராததால் 'உதயன்' பக்கங்களைக் குறைத்துக்கொண்டு வெளிவந்தது. ஒரு வழங்கற்பாதையின் தரத்தைக் கப்பலின் கொள்ளளவை வைத்து மட்டும் அளப்பது வீண். கடைசி இரண்டு கிலோமீற்றரில், அளவு தராசுக்கு முன்னால், எவர் நிற்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் அளக்கவேண்டும். விளையாட்டில் இரண்டு ஊர்களின் இருப்பு கணப்பொழுதில் ஒன்றாகிவிடுவதால் அங்கே பதுக்கலும் இல்லை, கறுப்புச்சந்தையும் இல்லை, சங்கக்கடை முகாமையாளரும் இல்லை.

இனிப் பாதுகாப்பு நிரலுக்கு வருகிறேன். குடாநாட்டுக்குச் சோறு போட்ட அந்தத் துறைமுகத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் ஒரு குடிமகன்கூட வாழவில்லை. துறைமுகத்தையும் ஓடுபாதையையும் பீரங்கி வீச்சிலிருந்து காக்க உயர் பாதுகாப்பு வலயம் விரிந்துகொண்டே போயிற்று. காங்கேசன்துறை, தையிட்டி, மயிலிட்டி, பலாலி எல்லாம் முட்கம்பிக்குள். அவ்வூர்களின் சனத்தில் ஒரு பகுதி மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மருதனார்மடம் கண்ணகி முகாமிலும், கொட்டில்களில். மல்லாகத்திலிருந்து காங்கேசன்துறை எட்டுக் கிலோமீற்றர் வரும், அவ்வளவுதான். காங்கேசன்துறையில் இறங்கிய அரிசி, காங்கேசன்துறையாரின் இடிந்த வீடுகளைக் கடந்து லொறியில் வந்து, முகாமில் இருந்த காங்கேசன்துறையாருக்கு நிவாரணமாக அளக்கப்பட்டது. விளையாட்டின் விதிப்படி பாதுகாப்பு எண் உணவையும் நீரையும் காக்கிறது, அவை இரண்டும் ஆட்களைத் தாங்குகின்றன. இங்கே பாதுகாப்பு எண் ஏறிக்கொண்டே போய் ஆட்கள் என்ற நிரலைச் சுழியமாக்கிவிட்டது. வழங்கற்பாதை பிழைத்தது, அதன் முனையில் இருந்த ஊர் அதற்கு விலையாயிற்று.

போர் நடந்த காலத்தில் இதற்கு இராணுவ நியாயம் ஒன்றைச் சொல்லிவிடலாம். துறைமுகம் விழுந்தால் இலட்சக்கணக்கானோர் பட்டினி கிடப்பார்கள் என்பது வெறும் சாட்டு அல்ல. ஆனால் 2009க்குப் பிறகு அந்த நியாயம் எதன்மேல் நின்றது? 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைப் பொதுத் தேவைக்குச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. யாழ்ப்பாணக் கணக்கில் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஒரு இலட்சத்து இரண்டாயிரம் பரப்புக் காணி. குடாநாட்டின் மொத்த நிலத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அந்த அறிவித்தல் சொன்னது. கண்டுபிடிக்க முடியாதவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொழும்புக்குப் போய் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். அதே வலயத்தின் கடற்கரையில் இராணுவம் தல்செவன என்ற உல்லாச விடுதியை நடத்திக்கொண்டிருந்தது. சுற்றுலாப் பயணி அறை எடுத்துத் தங்கலாம், காணிக்காரர் வேலிக்கு வெளியே நிற்கவேண்டும் என்றால் அதைப் பாதுகாப்பு நிரலில் எழுத முடியாது.

காணி விடுவிப்பு 2015இல் வேகம் பிடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் யாழ்ப்பாணம் வந்த சனாதிபதி மைத்திரிபால சிறிசேன முகாம்களை ஆறு மாதத்துக்குள் மூடுவதாகச் சொன்னார். ஆறு மாதம் நீண்டுகொண்டே போயிற்று. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலை 3ஆம் திகதி விடப்பட்டது. 2018 ஏப்ரலில் மேலும் 683 ஏக்கர். துண்டு துண்டாக, முட்கம்பியை நூறு மீற்றர் பின்னுக்கு நகர்த்தி நகர்த்தி நடந்த விடுவிப்பு அது. (ஃபோல்அவுட்டில் பிரெஸ்டன் கார்வி என்றொரு பாத்திரம் எப்போது பார்த்தாலும் இன்னோர் ஊருக்கு உதவி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்து நிற்கும், ஆடுபவர்கள் அதைப் பெரிய கேலியாக்கிவிட்டார்கள். வலிகாமம் வடக்குக்கு வந்து போன அரசியல்வாதிகளை அறிந்தவர்களுக்கு அந்தக் கேலி விளங்கும்.)

திரும்பியவர்கள் கண்டது என்ன? கூரை இல்லை, நிலை இல்லை, கதவு இல்லை, பல இடங்களில் அத்திவாரம் மட்டும். விளையாட்டில் ஆடுபவர் செய்யும் வேலையை இங்கே யாரோ முன்கூட்டியே செய்துவிட்டிருந்தார்கள். மரமும் ஓடும் இரும்பும் கழன்று போயிருந்தன. கால்நூற்றாண்டுப் பற்றை வளர்ந்து ஒழுங்கைகள் மறைந்துவிட்டன. கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகள் போனதும் எல்லைகளும் போயின. விளையாட்டில் குடியிருப்பின் எல்லை பச்சைக் கோடாக நிலத்தில் ஒளிரும். அதற்குள் இருப்பது முழுவதும் ஆடுபவருக்கு. தையிட்டியிலோ மயிலிட்டியிலோ ஒருவர் தன் காணியைக் கண்டுபிடிக்கக் கிணறுதான் துணை. வீட்டை இடிக்கலாம், கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எந்தக் கிணறு எவருடையது, அதிலிருந்து கிழக்கே எத்தனை முழத்தில் வேலி, எந்தக் கோயில் வீதி எங்கே திரும்பியது என்பதையெல்லாம் முதியவர்கள் நின்று சொல்ல, இளையவர்கள் கத்தியால் வெட்டிக்கொண்டு போனார்கள். உறுதி வைத்திருந்தவருக்கே இந்தப் பாடு. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர் பதிவகம், பிரதேச செயலகம், நில அளவையாளர், சட்டத்தரணி என்று அலைந்தார்.

அதற்குமேல் தேசவழமை. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த அந்தச் சட்டத்தின்படி பங்காளிக்கு முற்கொள்வனவு உரிமை முதலிய உரித்துகள் உண்டு. 1990இல் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டுப் போன ஒரு குடும்பம் 2017இல் திரும்பும்போது நான்கு குடும்பம். ஒரு மகளுக்குச் சீதனமாக எழுதிய பாதி, மற்றப் பாதிக்குப் பங்காளிகள் மூவர், அவர்களில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில். விளையாட்டின் குடியிருப்புகளில் எவரும் பிள்ளை பெறுவதில்லை, எவரும் மூப்படைவதில்லை. குடியிருப்பாளருக்கு வீடு சொந்தமும் இல்லை. ஆகவே அங்கே வழக்கும் இல்லை.

நீருக்கு வருவோம், ஏனென்றால் விளையாட்டு அடுத்தபடியாக ஏமாற்றுவது இதில்தான். கைப்பம்பி பூட்டினால் என்றென்றைக்கும் மூன்று பேருக்கு நீர். பெரிய சுத்திகரிப்பு இயந்திரங்களை ஆற்றோரம் வரிசையாக நிறுத்தி மிஞ்சிய தண்ணீரை விற்றுப் பணக்காரராவது ஆடுவோரின் பழைய தந்திரம். குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. நாம் குடிப்பது அதைத்தான். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் சொல்லும் பொதுவிதி. அந்த ஓரடியை இயந்திரத்தால் இறைத்துவிட்டால் கீழிருந்து நாற்பதடி உப்பு ஏறிவரும் என்பது அதன் மறுபக்கம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதத் தசைக்கு இருந்த எல்லையே நீருக்கும் எல்லையாக இருந்தது. காங்கேசன்துறைபோன்ற கரையோரத்தில் அந்த வில்லை இன்னும் மெலிந்தது. ஆலைக்காகக் கல் அகழ்ந்த பெருங்குழிகள் வேறு நிலத்தைத் திறந்து வைத்திருக்கின்றன.

சுண்ணக்கல்லில் நல்லது எவ்வளவு விரைவாக ஓடுமோ கெட்டதும் அவ்வளவு விரைவாக ஓடும். சுன்னாகத்து மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த விவகாரம் 2014, 2015இல் குடாநாட்டையே கிளப்பியது. அங்கே மின்னுற்பத்தி செய்த நொர்தேன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்சாரம் என்ற நிரலும் நீர் என்ற நிரலும் ஒன்றையொன்று தின்னும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆயினும் திரும்பி வந்தவர்கள் முதலில் செய்தது கிணறு இறைத்ததுதான். கால்நூற்றாண்டுக் குப்பையையும் சேற்றையும் வாரி, நீரூற்றைக் கண்ட பிறகே தறப்பாள் கட்டினார்கள். வரிசை சரியானது. விளையாட்டு ஆடுபவரும் பம்பியைத்தான் முதலில் பூட்டுவார்.

வீடு கட்டுவதில் இரண்டு கொள்கைகள் மோதின. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் பயனாளி கையில் தவணை தவணையாக 5,50,000 ரூபா போயிற்று. அவர் தன் மேசனைப் பிடித்து, தன் வளவில், தன் அளவில் கட்டினார். பணம் போதவில்லை, பலர் நகையை அடகு வைத்தார்கள், சீமெந்தும் மணலும் விலையேறின. குறை நிறைய. ஆனாலும் காசு ஊருக்குள் சுழன்றது, வீட்டில் ஆள் நம்பிக்கையோடு ஒரு பத்தியை இறக்கிக்கொள்ள முடிந்தது. மறுபுறத்தில் 2015, 2016இல் அரசு முன்வைத்தது ஆர்சலர்மிட்டல் நிறுவனத்தின் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள். ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் வடக்கின் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். வெக்கை, துரு, பெருப்பிக்க முடியாமை, உள்ளூர் மேசனுக்கு வேலையின்மை என்று அவர்கள் அடுக்கிய குற்றங்களில் எனக்குப் பெரிதாகப்படுவது கடைசியானதுதான். பொத்தானை அழுத்தினால் முழுச் சுவர் வந்து நிற்பது திரையில் அழகு. குடியேறும் ஊரில் வீட்டு வேலையே முதல் தொழில், அதையும் கொள்கலனில் இறக்குமதி செய்துவிட்டால் வந்தவர்கள் எதைச் செய்து உண்பது?

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. கீரிமலைக்கு அருகே நல்லிணக்கபுரத்தில் இராணுவம் 100 வீடுகளைக் கட்டி, 2016 அக்டோபர் 31ஆம் திகதி சிறிசேன கையளித்தார். முகாம்களில் இருந்த காணியற்ற குடும்பங்களுக்கானவை அவை. விளையாட்டுக்கு மிக நெருக்கமானது இதுதான்: வெளியாள் ஒருவர் இடத்தைத் தேர்ந்து, வரிசையாக ஒரே மாதிரி வீடு கட்டி, ஆட்களைக் கொண்டுவந்து இருத்துகிறார். காணியற்றோர் பிரச்சினை உண்மையானது என்பதால் இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 1990க்கு முன் பிறர் காணியில் குடியிருந்தவர்களுக்கும் கரையோரத் தொழிலாளருக்கும் திரும்பிப்போகச் சொந்த வளவே இல்லை; காணி விடுவிப்பு பற்றிய பேச்சு முழுவதும் உறுதி வைத்திருந்தவர்களைச் சுற்றியே நடந்தது. ஆனாலும் கடற்தொழிலாளியைக் கரையிலிருந்தும் தோட்டக் கூலியைத் தோட்டத்திலிருந்தும் பிரித்து வரிசை வீட்டில் இருத்தினால் கட்டில் நிரல் நிரம்பும், உணவு நிரல் நிரம்பாது.

காங்கேசன்துறை வீதியில் இன்று போகிறவர் ஒரு புதிய கல்வீடு, பக்கத்தில் நான்கு பற்றைக்காணி, பிறகு இன்னொரு வீடு என்ற ஒழுங்கைக் காண்பார். பற்றைக்காணிகளின் உரிமையாளர்களில் பலர் கடல்கடந்து போய்விட்டார்கள். விற்கவும் மாட்டார்கள், வந்து இருக்கவும் மாட்டார்கள்; அவர்களுக்கு அது காணிக்கு மேற்பட்ட ஒன்று. நடுவில் வீடு கட்டியவருக்கோ பாம்பும் இருட்டும் தனிமையும். 1990இல் இடம்பெயர்ந்த நடேஸ்வராக் கல்லூரி கால்நூற்றாண்டுக்குப் பிறகு சொந்த வளவுக்குத் திரும்பியது. ரயில் 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறை நிலையத்துக்கு மறுபடி வந்தது. பள்ளிக்கூடமும் ரயிலும் வந்ததும் சனம் வரும் என்பது வானொலிக் கம்பத்தை நட்டால் ஆள் சேரும் என்பதைப் போன்ற நினைப்பு. அயலவர் வருவாரா என்று பார்த்துவிட்டு வரலாம் என ஒவ்வொருவரும் காத்திருந்தால் எவரும் வரமாட்டார். முதலில் வந்து தனியே இருந்து காட்டிய குடும்பங்களுக்கு எந்த வீட்டுத்திட்டமும் கூடுதலாக ஒரு சதம் கொடுத்ததாக நான் அறியவில்லை. கொடுத்திருக்கவேண்டும்.

சீமெந்தாலை வெறுங்கூடாக நிற்கிறது. துறைமுகத்துக்கோ மறுவாழ்வு வருகிறது. மூழ்கிக்கிடந்த கப்பல்களை இந்தியா அகற்றிக் கொடுத்தது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற பெயருடன் மீண்டும் வந்தது. துறைமுகப் புனரமைப்புக்கு 61.5 மில்லியன் டொலர் நன்கொடையை இந்தியா அறிவித்திருக்கிறது. பலாலி 2019 அக்டோபரிலிருந்து சர்வதேச விமான நிலையம். பழைய வழங்கற்பாதைகள் ஒவ்வொன்றாக உயிர்பெறுகின்றன. இம்முறை போருக்கல்ல, வணிகத்துக்கு.

சரக்குக் கப்பல் வரத் தொடங்கினால் துறைக்குக் களஞ்சியம் வேண்டும், சுங்க வளவு வேண்டும், லொறித் தரிப்பிடம் வேண்டும், அகன்ற வீதி வேண்டும். ஓடுபாதையை நீட்டினாலும் காணி வேண்டும். அந்தக் காணி இருப்பது தையிட்டியிலும் மயிலிட்டியிலும் பலாலியிலும், இன்னும் முழுவதும் விடப்படாத அதே பரப்பில். சுவீகரிப்பதா, குத்தகைக்கு எடுப்பதா, காணிக்காரரைப் பங்காளியாக்குவதா என்பது இன்னும் வரைபடம் வரையும் கட்டத்திலேயே தீர்க்கக்கூடிய விடயம். உரிமையாளர்களை எங்கே தேடுவது என்று இம்முறை அதிகாரிகள் கேட்டால், வலிகாமம் வடக்குப் பிரதேச செயலகம் தெல்லிப்பழையில் இருக்கிறது. விலாசங்கள் அங்கே உண்டு.